கச்சான் நாடும் தண்ணி நாடும்

மாசி மாதத்தில் விசுவமடுப் பெண்களைச் சாப்பாட்டு நேரத்தில் பார்த்தால் எல்லாரும் கரண்டி பிடித்திருப்பார்கள். ஊருக்கு நாகரிகம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்கக் கூடாது. கச்சானை, அதாவது நிலக்கடலையை, உடைத்து உடைத்து நகக்கண் வெடித்துப் போயிருக்கும். கறியில் கை வைத்தால் தூள் ஏறி உயிர் போகும். மாதர் சங்கத்தின் தலைவி விமலேஸ்வரிக்கு வலது கைப் பெருவிரல் நகம் இருந்த இடமே இப்போது இல்லை. ஆகையால் கச்சான் உடைக்கிற மெசின் ஒன்று சங்கத்துக்கு வருகிறது என்று கேள்விப்பட்ட அன்று, அவள் முதலில் தன் பெருவிரலைத்தான் பார்த்தாள். பிறகுதான் கடவுளை நினைத்தாள்.

மெசினைத் தருவது ஒரு பெரிய நாடு. அதன் பெயர் இங்கே வேண்டாம். கதை சொல்பவனுக்கும் ஒரு அணிசேராக் கொள்கை உண்டு. நாளைக்கு விசாவுக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டியும் வரலாம். ஊரார் அதைக் கச்சான் நாடு என்று சொன்னார்கள், நாமும் அப்படியே சொல்வோம்.

சிக்கல் என்னவென்றால், ஊரில் ஏற்கெனவே ஒரு தண்ணி நாடு இருந்தது. அதுவும் பெரிய நாடுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் சங்கத்து வளவில் குடிதண்ணீர் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றைக் கட்டித் தந்தது. அதற்கு முன்பு ஊர்க் கிணறுகளில் அள்ளிய தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கேத்திலின் அடியில் சுண்ணாம்பு படியும். சிறுநீரக வருத்தம் என்று கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் அலைந்தவர்கள் பலர். இப்போது வீட்டுக்கு வீடு நல்ல தண்ணீர். நிலையத்தின் முன்சுவரில், கதவளவு பெரிதாகத் தண்ணி நாட்டின் கொடியைத் தீட்டியிருந்தார்கள். றோட்டில் போகிறவனுக்குச் சங்கத்தின் பெயர்ப்பலகை தெரியாவிட்டாலும் கொடி தெரியும்.

இந்த இரண்டு நாடுகளும் ஒன்றை ஒன்று கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவை. அது ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான், இரவுச் செய்தியில் வருகிறதே. ஆனால் அந்தச் சண்டை விசுவமடுவுக்கும் வந்து சேரும் என்று விமலேஸ்வரி நினைக்கவில்லை, பிரதேச செயலகத்திலிருந்து கஜனி ஸ்கூட்டியில் வந்து இறங்கும் வரைக்கும்.

கஜனி அபிவிருத்தி உத்தியோகத்தர். வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான், இங்கிலீஷ் நன்றாகத் தெரியும், பயமும் நன்றாகத் தெரியும். புதன்கிழமை காலை வந்தவள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கதையைத் தொடங்கினாள்.

“அக்கா, நாளைக்குத்தான் விழா. மெசின் லொறியிலை ஏறிக் கிளிநொச்சிக்கு வந்திட்டுது. தூதரகத்திலையிருந்து ஒரு பெரியவர் வாறார். அவர் ஒப்பந்தத்திலை சைன் வைச்ச உடனை இறக்குவினம். எல்லாம் சரி. ஒரு சின்ன விசயம் மட்டும்.”

“சொல்லு பிள்ளை.”

“படம் எடுப்பினம். படத்திலை அது தெரியக் கூடாதாம்.”

“எது?”

கஜனி தண்ணீர் நிலையத்தின் பக்கம் முகவாயைக் காட்டினாள். கட்டிடத்துக்குக் காது கேட்டுவிடும் போல அவ்வளவு மெதுவாக.

“அதை எப்பிடி மறைக்கிறது? வீடு மாதிரி நிக்குது.”

“என்னட்டைக் கேட்டால் நான் என்ன செய்ய அக்கா? எங்கடை செயலகத்து டி.எஸ். ஐயாவுக்கு மேலயிருந்து ஆரோ சொல்லியிருக்கினம். சைன் வைக்கிற நேரத்திலை ஏதும் பிசகினால் மெசின் வேற ஊருக்குப் போயிடும் எண்டு அவர் என்னட்டைச் சொன்னவர்.”

விமலேஸ்வரி வாசற்படியில் குந்திவிட்டாள். சுத்திகரிப்பு நிலையத்துக்குள்ளே பில்டர் என்று ஒன்று இருக்கிறது. அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மாற்றுப் பில்டர் தண்ணி நாட்டுக்காரர் அனுப்பினால்தான் உண்டு. கொடியை மூடினது அவர்கள் காதுக்குப் போனால் பில்டர் வருமா? மூடாவிட்டால் மெசின் வருமா? ஒரு கையில் மெசின், மறு கையில் தண்ணீர். இரண்டு கையும் அவளுக்கு வேண்டும். கொழும்பில் கோட்டுப் போட்டவர்கள் காலங்காலமாக மண்டையை உடைக்கிற வேலை இது. அவர்களுக்கு அதற்குக் காரும் சம்பளமும் உண்டு. விமலேஸ்வரிக்கு ஒரு பிளாஸ்டிக் கதிரையும் நகமில்லாத விரலும்தான்.

கடைசியில் மெசின்தான் வென்றது. ஒரே ஒரு நாளைக்குத்தானே என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டு, முல்லைத்தீவில் கடை வைத்திருக்கும் நஜீமுக்குப் போன் போட்டாள். ஊரின் கச்சானை லொறி கொண்டுவந்து ஏற்றிப் போகிறவர் அவர்தான். அவருடைய லொறியை மூடுகிற தடித்த படங்கு அந்தச் சுவரை மூடப் போதும்.

“படங்கு தாறன் தங்கச்சி,” என்றார் நஜீம். “ஆனால் அதிலை என்ர கடைப் பேர் பெரிசா எழுதிக் கிடக்கு.”

“கிடந்தால் கிடக்கட்டும் நஜீம் நானா. நீங்கள் இன்னும் ஒரு நாடாகேல்லைத்தானே.”

நஜீம் சிரித்தபடி படங்கோடு வந்து, தானே ஏறி நின்று, லொறிக்குப் போடுகிற முடிச்சுகளைப் போட்டு இறுக்கினார். கொடி மறைந்தது. அது இருந்த இடத்தில் ‘நஜீம் அன் சன்ஸ், முல்லைத்தீவு’ என்று சிவப்பு எழுத்து நின்றது.

நிலையத்தைத் திறப்பதும் பூட்டுவதும், சுற்றிவரக் கூட்டுவதும் சிற்றம்பலத்தின் பொறுப்பு. சங்கத்தில் பெண்களுக்கு நடுவே இருக்கும் ஒரே ஆண்பிள்ளை அவர்தான். படங்கு ஏறும் வரைக்கும் வேப்பமரத்தடியில் நின்றார். எல்லாம் முடிந்த பிறகு கிட்ட வந்தார்.

“தந்தவன்ரை முகத்தை மூடிப்போட்டு மற்றவன் தாறதை வாங்கிறதோ தங்கச்சி?”

“ஒரு நாளைக்குத்தானே அண்ணை.”

அவர் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போனார். விமலேஸ்வரிக்கு வெட்கமாக இருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் குடிக்கக்கூட மனம் வரவில்லை. குடித்தாள்தான், ஆனால் மனம் வராமல் குடித்தாள்.

வியாழக்கிழமை காலை வளவு மணவீடு மாதிரி இருந்தது. வாசலில் வாழை கட்டி, நிறைகுடம் வைத்து, விளக்கேற்றத் திரியும் போட்டாகிவிட்டது. சங்கத்து மண்டபத்தின் முன்னால் காயப்போட்ட கச்சானை மட்டும் யாரும் அள்ளவில்லை. கஜனி சேலை கட்டி வந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து, வெள்ளை வேட்டியோடு வந்த சிற்றம்பலம் எங்கேயோ பார்த்தபடி ஒரு வார்த்தை சொன்னார்.

“தண்ணி நாட்டுக்காரரும் வருகினம்.”

“என்ன?”

“நான்தான் சொன்னனான். திங்கட்கிழமை. சுவரிலை நம்பர் கிடந்தது, அடிச்சுச் சொன்னனான். வெத்திலை வைச்சுச் சொல்லக் கொழும்புக்குப் போக ஏலாதுதானே. நேற்றுக் கிளிநொச்சிக்கு வந்து நிக்கினமாம். இப்ப வெளிக்கிட்டிட்டினம்.”

இதைக் கேட்டுச் சிற்றம்பலத்தை ஏச நினைப்பவர்கள் வன்னியில் ஒரு கொண்டாட்டமும் வைத்துப் பார்க்காதவர்கள். கலியாணமோ, பிள்ளை பெரியவளான சாமத்திய வீடோ, குடிபுகுதலோ எதுவென்றாலும், முன்னர் உங்கள் வீட்டுக்கு ஒரு நன்மை செய்தவருக்கு நேரில் போய்ச் சொல்லித்தான் ஆக வேண்டும். கோபதாபம் இருந்தாலும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அதற்குப் பிறகு பேச்சுப் பறைச்சல் இல்லை. விமலேஸ்வரி தன் மகளின் சாமத்திய வீட்டுக்குச் சொல்ல மறந்துபோனதால், ஓமந்தையில் இருக்கும் பெரியம்மா அவளோடு இன்றைக்கும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. சங்கத்துக்குத் தண்ணீர் தந்தவர்களுக்குச் சங்கத்து விழாவைச் சொல்ல வேண்டும் என்று சிற்றம்பலம் நினைத்ததில் ஒரு பிழையும் கிடையாது. உலக நாடுகளுக்கு இந்த வழக்கம் தெரியாது என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை.

“அப்ப நேற்றுப் படங்கு கட்டேக்கை ஏன் சொல்லேல்லை அண்ணை?”

“நீ கேக்கேல்லை. எனக்குக் கோவம்.”

கஜனி பக்கத்தில் இருந்த கதிரையில் தொப்பென்று விழுந்தாள். “அக்கா, என்னை மன்னாருக்கு மாத்தப் போயினம்,” என்று சொல்லிச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். மன்னார் நல்ல ஊர்தான். ஆனால் அந்த நேரத்தில் அவளிடம் அதைச் சொல்லிப் பயனில்லை.

“படங்கை அவிழுங்கோ!” என்று கத்தினாள் விமலேஸ்வரி. பெண்கள் ஓடினார்கள். நஜீமின் முடிச்சு அவிழவில்லை. குன்றும் குழியுமான றோட்டில் கச்சான் மூட்டைகளைக் காப்பாற்றுகிற முடிச்சு, மாதர் சங்கத்துக்கு மசியுமா? விழாவுக்கு வந்திருந்த நஜீமே ஏறி இழுத்தும் ஒரு மூலைதான் அசைந்தது. அதற்குள் வெள்ளை ஜீப் ஒன்று வாசலில் வந்து நின்றது.

இறங்கியவர் தண்ணி நாட்டு அம்மா. வெள்ளைத் தொப்பி, கண்ணாடி, நல்ல சிரிப்பு. நிறைகுடத்தைப் பார்த்துக் கைகூப்பினார். பிறகு தங்கள் நாடு கட்டிய கட்டிடத்தைத் தேடினார். கொடி இருக்க வேண்டிய இடத்தில் நஜீமும் அவருடைய பிள்ளைகளும் இருந்தார்கள்.

அவர் மெல்ல ஏதோ கேட்டார். கஜனி விமலேஸ்வரியின் பக்கம் திரும்பினாள். “அக்கா, இது ஏன் மூடிக் கிடக்கு எண்டு கேக்கிறா.”

சிற்றம்பலம் நிலத்தைப் பார்த்தார். ஆனால் இரண்டு மச்சாள்மாரும் ஒரு மாமியாரும் உள்ள வீட்டில் இருபது வருடம் குடும்பம் நடத்தியவளுக்கு வாய் ஒருநாளும் பஞ்சமாகாது.

“பிள்ளை, இப்பிடிச் சொல்லு. தண்ணி தந்து மூண்டு வரியம். ஊரெல்லாம் குடிக்கிறம், ஆனால் அதுக்கெண்டு நாங்கள் ஒரு விழா எடுக்கேல்லை. மெசினுக்கு விழா வைக்கேக்கை தண்ணிக்கும் வைக்க வேணும் எண்டு நினைச்சம். அம்மாதான் தன்ரை கையாலை இதைத் திறந்து வைக்க வேணும்.”

இது உண்மை என்று சொல்ல முடியாது, முழுப் பொய் என்றும் தள்ள முடியாது. பெரிய அமைச்சுகளில் இந்த விதமான வாக்கியத்துக்கு ஆட்களை வைத்து எழுதுவிக்கிறார்கள். கஜனி அதை இங்கிலீஷில் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. சிற்றம்பலம் ஒரே ஓட்டமாகப் போய்க் கத்தியோடு வந்து கயிற்றை அறுத்தார். “ஐயோ, புதுக் கயிறு!” என்றார் நஜீம். அந்த அம்மா நுனியைப் பிடித்து இழுக்க, படங்கு சரசரவென்று விழுந்தது. மூன்று வருடமாகத் திறந்தே இருந்த நிலையம் மறுபடியும் திறக்கப்பட்டது. பெண்கள் உள்ளங்கை சிவக்கக் கைதட்டினார்கள். பாதிப் பேருக்குச் சிரிப்பை அடக்கத்தான் அந்தக் கைதட்டு.

அந்தக் கைதட்டுக்கு நடுவில்தான் இரண்டாவது வாகனம் வந்தது. கச்சான் நாட்டுப் பெரியவர் இறங்கினார். கைதட்டு தனக்குத்தான் என்று நினைத்து மலர்ந்த முகத்தோடு இரண்டு கையையும் கூப்பினார். பிறகு கொடியைக் கண்டார். சிரிப்பு வாயில் இருந்தபடியே இருந்தது. கண் மட்டும் சிரிப்பதை நிறுத்திவிட்டது. தண்ணி நாட்டு அம்மா முன்னால் வந்து கை நீட்டினார். இருவரும் கொழும்பில் ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள்தான் போலும். பொங்கலுக்கு ஒரே கோயிலில் சந்தித்துக்கொண்ட சம்பந்திமார் மாதிரிக் கை குலுக்கினார்கள்.

வாசலில் லொறி வந்து நின்றது. மெசின் அதற்குள் பெட்டியோடு இருந்தது. டிரைவர் இஞ்சினை நிற்பாட்டவில்லை. கையெழுத்து விழாவிட்டால் அப்படியே திரும்ப வேண்டும் என்று அவனுக்கும் யாரோ சொல்லி வைத்திருந்தார்கள்.

மண்டபத்துக்குள் மேசையில் ஒப்பந்தம் விரித்திருந்தது. பெரியவர் அமர்ந்தார், பேனாவைத் திறந்தார். பேனா தாளுக்குக் கிட்டப் போனது. பிறகு அவர் அதை மூடி மேசையில் வைத்துவிட்டார்.

அவர் கோபக்காரர் மாதிரித் தெரியவில்லை. வெயிலில் வியர்த்துக் களைத்த, படித்த, நடுவயது மனிதர். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கஜனியிடம் ஒரு கேள்வி கேட்டார். கஜனியின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

“அக்கா... ஐயா கேக்கிறார், உங்களுக்கு ஆர் பெரிசு எண்டு. அவையோ, தாங்களோ எண்டு.”

தண்ணி நாட்டு அம்மாவும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு விமலேஸ்வரியைப் பார்த்தார். அவருக்கும் பதில் வேண்டும் போலிருந்தது. வெளியே லொறியின் இஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது.

மேடையில் சொல்வதற்கு ஒரு பதில் எல்லாரிடமும் உண்டு. இரண்டு பேரும் எங்களுக்கு இரண்டு கண் என்று சொல்லிவிட்டு உட்காரலாம். விமலேஸ்வரியின் நாக்கு நுனி வரைக்கும் அது வந்தது. ஆனால் காலையிலிருந்து அவள் கெட்டித்தனமாகக் கதைத்துக் களைத்துப் போயிருந்தாள். நேற்றுக் கட்டிய படங்கு இன்னும் நெஞ்சில் கிடந்து உறுத்தியது. ஒரு மெசினுக்காக எதை எதை மூடினோம் என்று நினைக்க அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. மெசின் போனால் போகட்டும் என்று அவள் நினைத்தாள் என்று சொன்னால் அது பொய். மெசின் போகக் கூடாது என்று பெருவிரலில் இருந்து உச்சந்தலை வரை ஆசையாகத்தான் இருந்தது. இருந்தும் எழுந்து நின்றாள்.

“பிள்ளை, நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு. கூட்டாதை, குறைக்காதை.”

கஜனி தலையாட்டினாள்.

“ஐயா, கிணத்துத் தண்ணி குடிக்க ஏலாமல் கிடந்த காலத்திலையும் நாங்கள் இஞ்சைதான் இருந்தனாங்கள். நகம் போகப் போகக் கையாலை கச்சான் உடைச்ச காலத்திலையும் இஞ்சைதான். ஒருக்கா எல்லாத்தையும் போட்டிட்டு ஓடினம். உயிரோட மிஞ்சின ஆக்கள் திரும்பியும் இஞ்சைதான் வந்தம். அவை தண்ணி தந்தவை, அதை மறக்க மாட்டம். நீங்கள் மெசின் கொண்டு வந்திருக்கிறியள், அதையும் மறக்க மாட்டம். நேற்று உங்களுக்குப் பயந்து அவையின்ரை கொடியை மூடினனான். அது பிழை. இனி அவைக்குப் பயந்து உங்கடை கொடியையும் மூட மாட்டன். ஆர் பெரிசு எண்டு கேட்டியள். எங்களுக்கு நாங்கள்தான் பெரிசு ஐயா.”

கஜனி ஒன்றையும் விடாமல் சொன்னாள். தொடக்கத்தில் குரல் நடுங்கியது. கொடியை மூடின இடத்துக்கு வந்தபோது தெளிந்துவிட்டது. கடைசி வசனத்தை அவள் சொன்ன விதத்தைப் பார்த்தால், அது விமலேஸ்வரியின் பேச்சா, இவளுடைய பேச்சா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மன்னார் அவளுக்கு மறந்தே போயிருக்க வேண்டும்.

முதலில் சிரித்தது தண்ணி நாட்டு அம்மாதான். தன்னை மூடின கதையைக் கேட்டுத்தான் சிரித்தார், அதுவும் தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டு. பெரியவர் அவரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவருடைய தோளும் குலுங்கத் தொடங்கியது. சிற்றம்பலத்துக்கு இங்கிலீஷ் தெரியாது, என்றாலும் எல்லாரையும் விடப் பலமாகச் சிரித்தவர் அவர்தான்.

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். தாளில் வைக்கும் முன் இன்னும் ஒரு கேள்வி கேட்டார். இந்த முறை கண்ணும் சேர்ந்து சிரித்தது.

“அக்கா, அப்ப நாளைக்குத் தாங்கள் ரெண்டு பேரும் தங்களுக்குள்ளை சண்டை பிடிச்சு அடிபட்டால் நீங்கள் என்ன செய்வியள் எண்டு கேக்கிறார்.”

விமலேஸ்வரி யோசிக்கவே இல்லை. மண்டப வாசலால் வெளியே எட்டிப் பார்த்தாள். மண்டபத்துக்கும் லொறிக்கும் இடையில், பாய் பாயாக விரித்து, ஊரின் விளைச்சல் முழுக்க வெயிலில் கிடந்தது.

“அடிபடுறதெண்டால் வெளியிலை றோட்டிலை போய் அடிபடச் சொல்லு பிள்ளை. வளவுக்குள்ளை கச்சான் காயுது.”

பெரியவர் அதைக் கேட்டு முடித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். லொறியின் இஞ்சின் நின்றது. மெசினை இறக்குவதைப் பார்க்க அவர் மண்டபத்தை விட்டு வெளியே வந்தார். வந்தபோது கவனிக்காமல் கடந்து போன பாய்களுக்கு முன்னால் நின்று, சப்பாத்துக் காலை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒரு கச்சானையும் மிதிக்காமல் வேலியோரமாகச் சுற்றி நடந்தார். தண்ணி நாட்டு அம்மாவும் அதே ஓரத்தால் அவருக்குப் பின்னால் போனார்.